ஊருக்கு ஆகாத தலை

"போச்சு! இன்னிக்கும் போச்சு!"

கோல்மன் பெரியவர் நடுப்பாதையில் நின்று, தோளில் இருந்த வலையைத் தொப்பென்று கீழே போட்டார். எதிரே சைக்கிளில் வந்த நர்ஸ் ப்ரோனா அவசரமாகத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். கட்டியிருந்த துணி காற்றில் கழன்று கழுத்துக்கு வந்திருந்தது. ட்ரிமீன் கிராமமே பயப்படுகிற அந்தச் சிவப்பு முடி, காலை வெயிலில் தகதகவென்று பறந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. கட்டிக்கிட்டுத்தான் கிளம்பினேன்."

"நீ என்னம்மா பண்ணுவே? சகுனம்னா சகுனம்தான்." பெரியவர் குரலில் கோபமே இல்லை. பின்னால் துடுப்போடு வந்த மகனிடம் திரும்பினார். "டேய் ஃபெஸ்டி, படகு இன்னிக்குப் போகாது. பசங்ககிட்ட சொல்லிடு."

அப்பாவுக்கும் சேர்த்து ஃபெஸ்டி கோபப்பட்டான். "மத்தவங்கல்லாம் இவங்களைப் பார்த்தா இரும்பைத் தொட்டு தோஷத்தைக் கழிச்சுட்டுப் போயிடறாங்கப்பா. நமக்கு மட்டும் என்ன?"

"மத்தவங்க எப்படியோ போகட்டும். என் படகுக்கு நான்தான் கேப்டன்."

வலையைத் தூக்கிக்கொண்டு பெரியவர் வீட்டைப் பார்த்து நடந்தார். ஃபெஸ்டி ப்ரோனாவை முறைத்த முறைப்பில் சைக்கிள் டயரே வெடித்திருக்க வேண்டும்.

கடலுக்குப் போகிறவன் எதிரே சிவப்பு முடிக்காரி வந்தால் அன்றைக்குக் கடல் ஆகாது. அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். ப்ரோனா உள்நாட்டுக்காரி. அங்கே கடல் இல்லை என்பதற்காக யாரும் அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. வெண்ணெய் திரளாவிட்டால் "அந்தச் செம்பட்டை இந்தப் பக்கம் வந்தாளா?" என்று கேட்டார்கள். டப்ளினில் நர்ஸ் படிப்பு படித்தபோது கேரட் என்றார்கள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்த ஒருவனின் அம்மா, "பேரப் பிள்ளைங்களும் இப்படித்தான் பொறக்குமா?" என்று டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதனால் ட்ரிமீனுக்கு வேலை மாற்றிப் போட்டபோது அவள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஊர் அவளைப் பிடித்துக்கொண்டது. அவள் கையில் பிறந்த குழந்தைகள் அவளைப் பார்த்துச் சிரித்தன. அவள் குடியிருந்த சபீனா அம்மாள் வீட்டு மாடியறையில் கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓர் இடத்தை விட்டுப் போகவே கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

"ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணுலயே படறேனே, சபீனாம்மா!"

"அதிசயமாத்தான் இருக்கு," என்றாள் வீட்டுக்காரம்மாள், உருளைக்கிழங்குத் தோலை உரித்தபடி. "போன வருஷம் வரைக்கும் இந்த மாதிரி பேச்சைக் கேட்டா விழுந்து விழுந்து சிரிச்ச மனுஷன். நவம்பர் புயல்ல பாய்மரம் முறிஞ்சு, பொழச்சு வந்தாங்களே, அதுக்கப்புறம்தான் இந்தப் பக்தி. போகட்டும், துணியை நல்லா இறுக்கிக் கட்டு."

மறுநாள் ப்ரோனா துணியை இறுக்கிக் கட்டி, மேலே மழைத்தொப்பியையும் மாட்டி, ஊசிகளும் குத்திக்கொண்டு கிளம்பினாள். ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை. பெரியவர் எதிரே வந்தார். கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"புருவம்!" என்றார். வலை கீழே விழுந்தது.

அன்று சாயங்காலம் பெரியவரின் மனைவி டிலியா அவளைத் தேடி வந்தாள். திட்டு வாங்கத் தயாராக ப்ரோனா கதவைத் திறந்தாள். டிலியா கையில் ஒரு கூடை முட்டை இருந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்? என்னால உங்க பொழப்பே போகுது."

"சாப்பிடு கண்ணு. இளைச்சுட்டே," என்று சொல்லிவிட்டு டிலியா போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட ப்ரோனா தாங்கியிருப்பாள். அந்த முட்டைகளைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

பாதையை மாற்றினாள். துறைக்குப் போகிற வழியே வேண்டாம் என்று கோவிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் சைக்கிளை விட்டாள். மதில் மூலையில் பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா! நீங்க இங்கே?"

"ஆட்டைக் காணோம்மா. தேடிக்கிட்டு வந்தேன்... அடடா, போச்சா!"

அவர் வீட்டில் ஆடு இருந்து ப்ரோனா பார்த்ததில்லை. புதிதாக வாங்கியிருப்பார் போல, வந்ததுமே தொலைந்துவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து, எல்லாரும் கடலுக்குப் போன பிறகு கிளம்பினாள். அதனால் கட்டு மாற்ற வேண்டிய கிழவர்கள் எல்லாம் வாசலில் நின்று அவளைத் திட்டித் தீர்த்தார்கள். துறைப்பக்கம் போனால் மற்ற படகுகள் போய் வெகு நேரமாகியிருந்தது. கோல்மன் மட்டும் ஒரு கயிற்று முடிச்சை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தார்.

"சிக்கிக்கிச்சு," என்று சொல்லியபடி நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். முடிச்சு தானாக அவிழ்ந்த மாதிரி கையை விட்டு நழுவியது. "போச்சு!"

படகுக்குள் உட்கார்ந்திருந்த ஃபெஸ்டி தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசியாக ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் ஊருக்கு மேலே, அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டி எடுக்கிற சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்மதில்களைத் தாண்டித் தாண்டிப் போனாள். அந்தப் பக்கம் மனுஷர் வருவதே இல்லை. ஒரு மதில்மேல், கால் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, கால்சட்டை கல்லில் மாட்டிக்கொண்டு, கோல்மன் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"மறுபடியும் ஆடா ஐயா?"

"ஆமாம்மா. பொல்லாத ஆடு."

முழங்காலில் ரத்தம் வழிந்தது. அவரை இறக்கி, உட்காரவைத்து, மருந்து போட்டுக் கட்டினாள். முட்டி ஏற்கெனவே இட்லியாக வீங்கியிருந்தது. அவருடைய பெரிய கைகள் நடுங்குவதையும் பார்த்தாள்.

"ஏன் ஐயா நடுங்குது?"

"குளிர்," என்றார். பிறகு அவள் தலையைப் பார்த்து, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, இன்னிக்கும் போச்சு." கட்டு நன்றாக விழுந்திருக்கிறது, வலி விட்டிருக்கிறது என்று ப்ரோனா சந்தோஷப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கெல்லர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூட்டினார். ஃபெஸ்டி எழுந்தான். "ஃபாதர், எங்களுக்கு நர்ஸம்மா மேல பகை கிடையாது. ஆனா எங்க வீட்ல அடுப்பு எரியணும். வேற கலர்ல ஒரு நர்ஸைக் கேட்டு ஜில்லாவுக்கு எழுதுங்க."

"ஆமாமா!" என்றது கூட்டம். யாருக்குப் பிரசவம் பார்த்தாளோ அவர்களே தலையை ஆட்டினார்கள். ப்ரோனா கடைசிப் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலும் கடலும் கைவிட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தது.

தடியைத் தரையில் தட்டிக்கொண்டு எழுந்தவர் கோல்மன்.

"யாருடா அது, நர்ஸை மாத்தணும்னு சொல்றது? நஷ்டப்பட்டவன் நான். நானே கேக்கலையே! அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கணும்."

கூட்டம் வாயைப் பிளந்தது. ஃபாதர் கெல்லர் தொண்டையைக் கனைத்தார். "பெரிய மனசு, கோல்மன். அப்படின்னா ஒரு நடுவழி சொல்றேன். நர்ஸ் தலைக்குச் சாயம்..."

"கூடாது!" பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. "கடவுள் கொடுத்த கலர், ஃபாதர். அதை மாத்தறது மகா பாவம்!"

பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு மனுஷன் இந்த ஊரில் இருக்கிறாரே என்று ப்ரோனாவும் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஆனால் ஃபாதர் கணக்கு வேறாக இருந்தது. இந்த வாரமும் கோல்மனின் படகு கரையிலேயே நின்றால் எழுதிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"எனக்காக எல்லாரையும் எதிர்த்துப் பேசினாரே," என்றாள் ப்ரோனா வீட்டுக்கு வந்து. "அவருக்காக நான் இதுகூடச் செய்ய மாட்டேனா? பாவம்னா என் தலையோட போகட்டும். சாயம் போடுங்க சபீனாம்மா."

கடையில் சாயம் இல்லை. சபீனா அம்மாள் புகைபோக்கியில் இருந்து கரியைச் சுரண்டி, பன்றிக்கொழுப்பில் குழைத்து, அடுத்த நாள் விடியற்காலையில் அவள் தலையிலும் புருவத்திலும் அப்பினாள். முடி கறுப்பானது உண்மை. வறுத்த கறி வாசனை வந்ததும் உண்மை. ப்ரோனா சைக்கிளில் ஏறியதும் ஊரில் இருந்த நாய்களெல்லாம் பின்னாலேயே ஓடி வந்தன.

நாய்ப்படையோடு துறைப்பாதையில் இறங்கினாள். எதிரே கோல்மன் வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வலையைப் போடத் தோளைக்கூடச் சாய்த்துவிட்டார். பிறகுதான் சரியாகப் பார்த்தார்.

"என்னம்மா இது?" குரல் எழும்பவே இல்லை.

"உங்களுக்காகத்தான் ஐயா. இனிமே சகுனத்தடையே கிடையாது. தைரியமாப் போயிட்டு வாங்க."

பெரியவர் அவள் புருவத்தைப் பார்த்தார். காதோரம் பார்த்தார். ஒரே ஒரு சிவப்பு முடியாவது கிடைக்காதா என்பது போல நாய்களைக்கூடப் பார்த்தார். ஃபெஸ்டி உற்சாகமாக அவர் கையைப் பிடித்து இழுத்தான். "வாங்கப்பா! இப்ப என்ன சொல்லப்போறீங்க?"

பெரியவர் இழுத்த இழுப்புக்குப் போனார். படகு போயிற்று. அன்றைக்குக் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. ப்ரோனா கரையில் நின்று சந்தோஷமாகக் கையசைத்தாள். படகில் எல்லாரும் திரும்பக் கையசைத்தார்கள், கோல்மன் மட்டும் இரண்டு கையாலும் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மதியத்துக்கு முன்பே ஃபெஸ்டி அவள் வாசலில் நின்றான். கண்கள் சிவந்திருந்தன. "அப்பாவை வந்து பாருங்க நர்ஸம்மா," என்றான். அவள் மருந்துப் பையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டான்.

பெரியவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, அடி இல்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ப்ரோனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்கம் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சமையலறையில் டிலியா பெரிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, சோப்புக்கட்டியோடு காத்திருந்தாள். வாசலில் நாய்களை விரட்டிவிட்டு வந்து, நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காரு. தலையைக் குனி."

"வேண்டாம்மா! படகு இந்த வாரமும் நின்னா என்னை மாத்திடுவாங்க."

"யாரும் மாத்த மாட்டாங்க. ஃபெஸ்டி இன்னிக்குக் கண்ணால பார்த்துட்டான். ஃபாதர்கிட்ட அவனே பேசிட்டு வந்துட்டான். ஈஸ்டருக்கு அப்புறம் ஃபாதர் படகுக்கெல்லாம் புனித நீர் தெளிச்சு மந்திரிப்பாரே, அன்னிக்குக் கேப்டன் தொப்பி அவன் தலைக்குப் போகுது."

"எதைம்மா பார்த்தான்?"

டிலியா அவள் பிடரியைப் பிடித்துக் குனியவைத்தாள். குனிந்த தலையில் வெந்நீரை ஊற்றினாள். கரியும் கொழுப்பும் கறுப்பாக வழிந்தன. பெற்ற மகளுக்குத் தேய்ப்பது போல, காதுக்குப் பின்னால்கூட விடாமல் தேய்த்தாள். கடைசித் தண்ணீர் தெளிவாக வந்தபோது, அடுப்பு வெளிச்சத்தில் முடி பழையபடி சிவப்பாக மின்னியது. அதைத் துண்டால் துவட்டி, இரண்டு கையாலும் ஆசையாகத் தடவிக்கொடுத்தாள். பிறகு தூங்குகிறவர் காதில் விழாதபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஈஸ்டர் வரைக்கும், காலைல எந்தப் பக்கமாப் போகப்போறேன்னு முந்தின சாயங்காலமே எங்கிட்ட சொல்லிடு கண்ணு. கடலுக்குப் போக பயந்துக்கிட்டு, உன்னைத் தேடித் தேடியே என் வீட்டுக்காரர் முட்டி தேஞ்சுபோச்சு."