அறுபத்தொன்றாம் அத்தியாயக் கோட்டு

கடற்கரை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே தானியேல் சபதம் எடுத்துவிட்டான். இனிமேல் நம்ம வீட்டில் சண்டை கிடையாது. சட்டம்தான்.

எல்லாம் ஒரு கோட்டினால் வந்தது. மலேசியாவில் வேலை பார்க்கும் மச்சான் ஏசுதாஸ் பார்சல் அனுப்பியிருந்தான். உள்ளே ஒரே ஒரு கம்பளிக் கோட்டு என்று மேலே ஒட்டிய சீட்டில் போட்டிருந்தது. தங்கச்சிக்கா, தங்கச்சி புருஷனுக்கா? ஒரு வரி எழுதவில்லை. போன் போட்டுக் கேட்டால், "ரெண்டு பேருக்கும்தான் மச்சான்" என்று சிரிக்கிறான். ஒரு கோட்டுக்குள் ரெண்டு பேர் எப்படிப் போவது?

டிசம்பர் மாசத்துப் பனி. தானியேல் தினமும் காலை ஆறு மணிக்கு உத்திரமேரூரிலிருந்து பைக்கில் செங்கல்பட்டு போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பல் தந்தியடிக்கும். பெண்டாட்டி பிரிஸ்கில்லாவோ ஐந்து மணிக்கே மாடு கறக்க உட்காருகிறாள். அவளுக்கும் பல் இருக்கிறது. அதுவும் தந்தியடிக்கிறது.

வாயால் பேசி அவளை ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷமாக டேபிள் ஃபேன் அவள் பக்கமே திரும்பி நிற்கிறது.

ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் தானியேல் புலி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளியரிங் ஆபீசில் வேலை. கப்பலில் வரும் துணிமணி எந்த அத்தியாயம், எந்த நம்பர் என்று தரம் பிரித்து எழுதுவான். அதை வைத்துத்தான் சுங்கவரி. அடுத்த மாசம் பரீட்சை வேறு. புத்தகத்தில் உள்ளதையெல்லாம் பாட்டாகக் கட்டி, பாப்பாவைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே படிப்பான்.

"அறுபத்தொண்ணு பின்னலம்மா
அறுபத்திரெண்டு நெசவம்மா
அறுபத்துமூணு துண்டம்மா
தொண்ணூத்தாறு பட்டனம்மா
இடது மேல ஏறிச்சுன்னா ஆம்பளைக்கம்மா
வலது மேல ஏறிச்சுன்னா பொம்பளைக்கம்மா
எதுவுமே தெரியலன்னா
அதுவும் பொம்பளைக்கம்மா!"

பாப்பா இரண்டாவது வரியிலேயே தூங்கிவிடும். பிரிஸ்கில்லா பக்கத்தில் உட்கார்ந்து ஊராருக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பாள்.

ரயிலிலிருந்தே போன் போட்டான்.

"பிரிஸ்கி, நான் வர்ற வரைக்கும் பார்சலைப் பிரிக்காத. நான் வந்து தரம் பிரிக்கிறேன்."

"பிரிச்சிட்டேனே மாமா."

"பரவால்ல. கோட்டு யாருக்குன்னு நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. புத்தகம் சொல்லும். இன்னா சொல்ற?"

"உங்க புத்தகம் இன்னா சொல்லுதோ அதான் மாமா எனக்கும்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்ட அந்த நிமிஷமே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மச்சான் கோட்டு வாங்கினால் ஆம்பளைக் கடையில்தானே வாங்கியிருப்பான்! பட்டன் போட்டால் இடது பக்கம் வலது மேல் ஏறித்தானே தீரும்! தானியேல் மனசுக்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவினான். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மலர்க்கொடியைக் கூப்பிட்டான்.

"இன்னாப்பா, கோட்டுக்குக் கோர்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் மலர்க்கொடி.

பாயில் கோட்டை விரித்தார்கள். கருநீலம். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி கதகதப்பு. தானியேல் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தான். நீண்டது.

"பின்னல். அறுபத்தொண்ணு. இப்போ முன்பக்கம் பார்க்கலாம்."

பார்த்தான். இடது பக்கம் வலது மேல் ஏறவில்லை. வலது பக்கமும் இடது மேல் ஏறவில்லை. இரண்டு ஓரமும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. பட்டன் இல்லை. முடிச்சுப் போட மூன்று ஜோடி நாடா தொங்கியது.

"இன்னாது இது? நாடா வச்ச கோட்டு?"

"மலேசியாவுல இதான் பேஷன் போல கீது மாமா" என்றாள் பிரிஸ்கில்லா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்போ எது மேல எது ஏறுது?" மலர்க்கொடி கேட்டாள்.

"ஏறல."

"ஏறலன்னா?"

பிரிஸ்கில்லா மெல்லிய குரலில் பாடினாள். "எதுவுமே தெரியலன்னா அதுவும் பொம்பளைக்கம்மா..."

"இரு, இரு! இன்னொரு விதி கீது. துணி வெட்டின அளவைப் பார்த்தே ஆம்பளைதுன்னு தெரிஞ்சா இதெல்லாம் செல்லாது!" என்று கோட்டை எடுத்து மாட்டினான்.

கோட்டுக் கை முழங்கால் வரைக்கும் தொங்கியது.

"ஐய, கை எங்கப்பா? காணாம பூட்ச்சே!" மலர்க்கொடி சிரித்த சிரிப்பில் கட்டுத்தறியில் மாடு கத்தியது.

பிரிஸ்கில்லா புடவைமேல் கோட்டைப் போட்டு, கையை ரெண்டு மடிப்பு மடித்து, நாடாவை முடிந்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் தானியேல். சுங்க ஆபீசர் மாதிரி கையைத் தூக்கி, "சரக்கு விடுவிச்சாச்சு. இதுக்குமேல அப்பீல் கிடையாது" என்றான்.

"எயுதிக் கொடுத்துடுங்க மாமா."

எழுதியும் கொடுத்தான். மலர்க்கொடி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை. கிளம்பும்போது பாப்பாவுக்கு முத்தம் கொடுக்கத் தூளிப் பக்கம் குனிந்தான். தலையில் ஏதோ இடித்து, கலகலவென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். பாப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில், கெட்டி நூலில் கோத்து ஆறு பட்டன் தொங்கியது. கருநீலம். ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசு அகலம்.

"பிரிஸ்கி! இது இன்னாது?"

"கிலுகிலுப்பை மாமா."

"பட்டன் எங்கேர்ந்து வந்துச்சு?"

"பார்சல்லேர்ந்து."

கோட்டுக்கு நாடா தைத்தது யார் என்று தானியேலுக்குப் பிடிபட்டது. பட்டன் மாட்டும் நூல் வளையம் இடது பக்கம்தான் இருந்திருக்கும் என்பதும் பிடிபட்டது.

"அடிப்பாவி! நான் தரம் பிரிக்கிறதுக்கு முன்னால நீ தையலைப் பிரிச்சிட்டியா?"

"கோட்டுல இருந்தாத்தான் மாமா அது கோட்டு. தனியா வந்துட்டா தொண்ணூத்தாறுதானே? ஒரு வருஷமா பாடிக்கினு கீறீங்களே!"

தானியேலுக்குத் தான் எழுதிக் கொடுத்த தாள் ஞாபகம் வந்தது. கொடியில் கிடந்த துண்டை உருவி, காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, பைக்கை உதைத்தான்.

பின்னாலிருந்து தூளி ஆடும் சத்தமும் பட்டன் குலுங்கும் சத்தமும் கேட்டன. நடுவில் பிரிஸ்கில்லாவின் பாட்டு:

"அறுபத்தொண்ணு எனக்கம்மா, தொண்ணூத்தாறு உனக்கம்மா... அறுபத்துமூணு துண்டம்மா, அதான் உங்கப்பனுக்கம்மா!"