பச்சை மூடிக் குழாய்

"ஏம்மா, புருஷனுக்கு மருந்து குடுக்கச் சொன்னா விஷமா குடுக்குறீங்க?"

டாக்டர் ரிசல்ட்டை மேசைமேல் வீசினார். ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு. அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேனேஜர் முகத்தில் ஃபைலை விட்டெறிந்த ஒரே குற்றத்துக்காக, மனசு ஒரு நிலையில் நிற்கட்டும் என்று கணவருக்கு எழுதிக் கொடுத்த லித்தியம் மாத்திரை. ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை ஞாபகம் வந்தது.

கணவரோ மாத்திரை என்றாலே பாத்ரூமில் போய்ப் பூட்டிக்கொள்கிற ரகம். அதனால் அவருக்கே தெரியாமல் ராத்திரிப் பாலில் பொடித்துக் கலந்துவிடுவாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பால்ல போடுறேன் டாக்டர், சத்தியமா!"

"பாதியாக் குறைங்க."

குறைத்தாள். ரிசல்ட்டில் அதே அளவு. அடியோடு நிறுத்தினாள். அப்போதும் அதே!

நிறுத்தியதில் கணவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. பேப்பரும் கையுமாகச் சாதுவாகவே இருந்தார். மாமியார்தான் எரிந்து விழ ஆரம்பித்தார். ஒரு வருஷமாக "அம்மாடி, கண்ணு" என்று குழைந்தவர், துணி காயப்போடுகிற தினுசுக்கெல்லாம் சண்டைக்கு நின்றார். பெத்த வயிறு, கவலை இருக்காதா என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

"வீட்டுல யாரோ திருட்டுத்தனமா குடுக்குறீங்க," என்று டாக்டர் முடிவு கட்டினார். "நாளைக்கே அட்மிட் பண்ணுங்க. கிட்னி போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

அழுதுகொண்டே லேபுக்கு ஓடினாள். லேப்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க மெஷின் பொய் சொல்லாதும்மா. என் ரத்தத்தையே வச்சுக் காட்டுறேன், பாருங்க."

காட்டினார். காட்டியவர் நாற்காலியில் சரிந்தார். அவருக்கும் அதே இரண்டு மடங்கு!

"ஐயையோ, என் கிட்னியும் போச்சா?"

"நீங்க அந்த மாத்திரை சாப்பிடுறீங்களா சார்?"

"நான் தலைவலிக்குக்கூட சாப்பிட மாட்டேம்மா!"

அப்போதுதான் ரத்தம் பிடித்த குழாயை உற்றுப் பார்த்தார். சிவப்பு மூடிக் குழாய் தீர்ந்துபோய், சில வாரங்களாக எல்லாருக்கும் பச்சை மூடிதான். ரத்தம் உறையாமலிருக்க அதற்குள் ஒரு மருந்து தடவியிருப்பார்கள். லேபிளைப் படித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அட, இந்த மருந்துலயே லித்தியம் இருக்கும்மா!"

மறுநாள் சிவப்பு மூடி வந்தது. கணவர், மாமியார் எல்லாரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ரிசல்ட் பூஜ்யம். அட்மிஷன் ரத்து. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் கொஞ்சமும் அசரவில்லை. "நிறுத்தினோம்ல, அதான் பூஜ்யம். ஒரு வருஷமா இவர் அமைதியா இருந்தாரே, எல்லாம் என் மருந்தோட மகிமை! மறுபடி ஆரம்பிங்க. பால்ல கலக்குறதை இனிமே அவருக்கு மறைக்க வேணாம்."

கணவர் திருதிருவென்று முழித்தார். மாமியார் மருமகளை முறைத்தார்.

"ராத்திரிப் பாலா? அதை இவன் தினமும் என் டம்ளர்லதானே ஊத்திட்டுப் போவான்! அதான் கொஞ்ச நாளா உன்னைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதாடி?"