கேரியரைப் பிடித்த கை

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மூட்டை தூக்கிய தோளோடு திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மிஷின் போட்டேன். ஓடாது என்றார்கள், ஓடியது. அடுத்து எண்ணெய் மில். அதற்கடுத்து ரைஸ் மில். கரண்டு கனெக்‌ஷன் கொடுக்க இழுத்தடித்தவர்கள் காதுபட டீசல் இன்ஜினை ஓட்டிக் காட்டினேன். இந்த மண்ணில் கட்டடம் நிற்காது என்று ஓர் இன்ஜினீயர் எழுதிக் கொடுத்த இடத்தில்தான் கல்யாண மண்டபம் கட்டினேன். பிற்பாடு அந்த இன்ஜினீயரின் மகளுக்கே அங்கேதான் தாலி ஏறியது.

இதற்கெல்லாம் யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். கல்வெட்டில் பேர் இருக்கிறது, போதும். ஆனால் நான் செய்ததிலேயே பெரிய காரியம் ஒன்றுக்குக் கல்வெட்டு கிடையாது. ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதையும் போன மாதம் விழுப்புரத்தில் கத்தரித்துப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் ஸ்டாண்டைப் பற்றியது.

ஸ்டாண்டு அளவுக்கு சைக்கிள் மிதித்த மனிதர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு ஏறினால் ஆறரைக்குத்தான் இறங்குவார். இருபது வருஷத்துக்கு மேல் மிதித்தார். அத்தனையும் மிதித்து ஓர் அடி கூட நகர்ந்தது கிடையாது.

பாண்டி ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பதினெட்டு வண்டி. அதில் ஒன்றாம் நம்பர் வாடகைக்கு இல்லை. அதைக் கடை வாசலில், பாண்டிப் பக்கம் பார்த்து ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஏறி உட்கார்ந்து மிதிப்பார். பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றும். கேட்டால் வண்டியை டெஸ்ட் பண்ணுகிறேன் என்பார். ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாமே என்றால், டயர் தேயும் என்பார். அப்படி வந்த பேர்தான் ஸ்டாண்டு. சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

எதிர்க்கடை டெய்லருக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது.

"இன்னா ஸ்டாண்டு, எங்க இருக்க?"

"கிளியனூர் தாண்டிக்கினு இருக்கேன். எதிர்காத்து பேஜாரா கீது."

"பாண்டி போற இல்ல? அப்டியே எனுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கியா."

"இன்னைக்குக் கிளியனூரோட திரும்பறேன்" என்று சொல்லி, மிதிப்பதை நிறுத்தி இறங்கிவிடுவார்.

ஒருநாள் திண்டிவனத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, தலையைத் துண்டால் துடைத்தார். என்ன என்று கேட்டேன். கிளியனூரில் மழை என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து வந்த பஸ் நனைந்து வந்தது.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் வண்டி அந்தப் பக்கம் கிளியனூரையும் இந்தப் பக்கம் பெருமுக்கல்லையும் தாண்டக் கூடாது. தாண்டினால் மண்ணை வைத்துக் கண்டுபிடிப்பார். எனக்கு, பெருமுக்கல்லுக்கு அப்பால் இருக்கிற பிரம்மதேசத்தில் பெண் நிச்சயமாகியிருந்த சமயம். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எங்கள் அப்பா உத்தரவு. நான் மல்லாட்டை விலை கேட்கப் போகிறேன் என்று ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டு போய் வந்தேன். திருப்பி விடும்போது கடையில் அப்பா நின்றிருந்தார். ஸ்டாண்டு குனிந்து, மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து, மூக்குப்பொடி மாதிரி முகர்ந்தார்.

"பிரம்மதேசத்து ஏரிக்கரைக் களிமண்ணு. ஒண்ணு மேல ஒண்ணா மூணு படை கீது. மூணு தபா போய் வந்துக்கிறான்."

அப்பா அடித்த அடியில் நான்காவது தடவை போகவே இல்லை.

இப்படிப்பட்டவர் மலைக்கு வந்த கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற ஒருவர், கோட்டு தைக்கக் கொடுத்தபோது டெய்லருக்கு ஒரு காலண்டர் கொடுத்தார். அதில் அரை டவுசர் போட்ட வெள்ளைக்காரர்கள் பனி மலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் அதைக் கடைச் சுவரில் மாட்டிய நாளிலிருந்து வேறு பேச்சு இல்லை.

"அவன் மலையில ஓட்றான். நாம பாண்டி ரோட்டுல கூட ஓட்டல. நம்பளுக்கு இன்னா கொறச்சல், மில்லு?"

மில்லு என்பது நான். நாங்கள் மூன்று பேர் கூட்டாளிகள். நான், டெய்லர், பருப்புக் கடை வைத்திருந்த நயினார். நயினார் செஞ்சிப் பக்கத்து ஜைனர். பூண்டு வெங்காயம் தொட மாட்டார், சூரியன் இறங்கிய பிறகு சாப்பாட்டைத் தொட மாட்டார், எதற்கும் கோபப்பட மாட்டார். ஏலகிரிக்குப் போய் இரண்டு நாள் தங்கி மலையில் சைக்கிள் ஓட்டுவது என்று தீர்மானம் ஆனது. என் லாரி திருப்பத்தூருக்கு மல்லாட்டை ஏற்றிக்கொண்டு போக இருந்தது. லாரி என்னுடையது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டிடம் மூன்று வண்டி கேட்டோம்.

"கிளியனூரே தாண்டக் கூடாதுன்றேன். மலைக்கா?"

"ரெண்டே நாள்ணா."

ஓர் இரவு முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் வந்து சொன்னார்: "குடுக்கறேன். ஆனா வண்டி போனா நானும் வருவேன். அதுங்கள தனியா உட முடியாது."

ஒன்றாம் நம்பரையும் சேர்த்து நான்கு வண்டி, ஒரு காற்றுப் பம்பு, ஒரு பஞ்சர் பெட்டியோடு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார். செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியெல்லாம் வண்டிகளின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார்.

மத்தியானம் மலையடிவாரத்தில் இறங்கினோம். டெய்லர் காலண்டரில் பார்த்தபடியே அரை டவுசர் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலைத் தூக்கிப் போட்டார். ஸ்டாண்டு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்கு. மேட்டுல மிதிச்சா செயின் இழுத்துக்கும்."

"அப்பறம்?"

"தள்ளு."

பதினான்கு கொண்டை ஊசி வளைவு. பதினான்கையும் தள்ளினோம். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தச் சொல்லி, ஜுரம் பார்க்கிற மாதிரி புறங்கையால் சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்பைத் தொட்டுப் பார்த்தார். எங்களுக்கு நாக்கு வெளியே தள்ளியது, எங்களை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பத்தாவது வளைவில் நயினார் வானத்தைப் பார்த்தார். "பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்ட்டாவணும். மேல போய்ச் சேர மாட்டோம் போலக் கீதே."

"இங்கயே சாப்டுங்க நயினாரே, நான் பாத்துக்கறேன்" என்றார் டெய்லர். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிர் மலை முகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடித்தார். "ரெண்டே முக்கால் இஞ்சு கீது. நிதானமா சாப்டுங்க."

நயினார் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஒண்ணரை இஞ்சு. தண்ணி குடிச்சிக்குங்க... முக்கா இஞ்சு. ஜல்தி, ஜல்தி! ஊறுகாய வுட்டுடுங்க!"

கடைசி உருண்டை உள்ளே போனதும் சூரியன் உள்ளே போனதும் ஒன்றாக நடந்தது. ஊறுகாய் மிஞ்சிவிட்டது.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனோம். சுற்றிலும் சமதளம். ஓட்டிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கிடைத்தது. நாங்கள் மூன்று பேரும் பறந்தோம். ஸ்டாண்டு ஏரியைப் பார்த்து ஒன்றாம் நம்பரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஏறி மிதிக்க ஆரம்பித்தார். சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று படகை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. அவர்களில் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்க போறீங்க?"

"திண்டிவனம். செங்கம் வந்துட்டேன்."

டெய்லருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஏ மில்லு, இந்த மனுசன் ஸ்டாண்ட எடுத்துட்டு ஓட்டி நீ பாத்துக்கிறியா?"

நான் யோசித்தேன். பார்த்ததில்லை.

"ஸ்டாண்டு! உனுக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

எல்லோரும் சிரித்தோம். ஸ்டாண்டு சிரிக்கவில்லை. மிதிப்பதையும் நிறுத்தவில்லை. காது மட்டும் சிவந்தது. டெய்லர் விடவில்லை. கரையில் படம் பிடித்துக் கொடுக்கிற போட்டோக்காரரிடம் சொல்லிவைத்தார்: நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஆளுக்கு ஒரு படம், வண்டி ஓடுகிற மாதிரி. "நீ ஓட்டல, ஊர்ல போய்ச் சொல்லிடுவேன்" என்றார் ஸ்டாண்டிடம்.

அன்று மத்தியானம் விடுதிக்குப் பின்னால் பலா மரத்தடியில் ஸ்டாண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மில்லு, ஒண்ணு சொல்றேன். சிரிச்சன்னா இப்பவே மலைய வுட்டு எறங்கிடுவேன்."

"சொல்லுண்ணா."

"எனுக்கு ஓட்டத் தெரியாது."

நான் சிரிக்கவில்லை. எண்ணெய் மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டினபோது கூட அவ்வளவு பாடுபட்டதில்லை.

"பத்து வயசுல ஒரு தபா உழுந்தேன். அப்பால ஏறல. பெரியவனாகி கட போட்டுட்டேன். கட போட்டவன் எவன்கிட்ட போய்க் கத்துக்கறது? ஓட்டத் தெரிஞ்சவன்னு எல்லாரும் அவங்களாவே நெனச்சிக்கினாங்க. நானும் அப்டியே வுட்டுட்டேன்." மண்ணைக் காலால் கிளறினார். "டெய்லரு வாயி பஸ் ஸ்டாண்டு மைக்கு. ஊர்ல சொன்னான்னா நாளைக்கு நான் செயின் லூசுன்னா எவன் கேப்பான்? உனுக்கு இன்னாயா தெரியும்னு கேப்பான். அந்தக் கட ஒண்ணுதான் எனுக்கு."

மண்ணில் கட்டடம் நிற்காது என்றால் நிற்க வைக்கிற ஆள் நான். விடியற்காலை வா என்றேன்.

பனி விலகாத நேரத்தில் விடுதிக்குப் பின்பக்க ரோட்டில் பாடம் ஆரம்பமானது. கேரியரைப் பிடித்தேன். அவர் ஏறினார். இருபது வருஷம் பாண்டிக்குப் போன கால்கள்! ஒரு மிதி மிதித்தார், நான் தரதரவென்று இழுபட்டேன். கால் பாண்டிக்குப் போனது, உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

"வுட்டுடாத மில்லு!"

"வுடலண்ணா, மெதுவா!"

"பின்வீலு கோட்டமா கீது."

"வீல் இல்லண்ணா, நீதான் கோட்டமா கீற!"

முதல் தடவை வேலியில் விழுந்தார். இரண்டாம் தடவை என் மேல் விழுந்தார். மூன்றாம் தடவை யாரோ வளர்த்த ரோஜாத் தோட்டத்தில் விழுந்தார். கையெல்லாம் கீறல், ரத்தம். தூக்கப் போனேன். "என்ன வுடு, டயர்ல முள்ளு ஏறிச்சா பாரு" என்றார்.

எட்டரை மணிக்கு நிலவரம் இதுதான்: நான் பிடித்தால் ஓடுகிறார், விட்டால் விழுகிறார். ஒன்பதுக்கு ஏரிக்கரையில் டெய்லர் டவுசரோடு நிற்கிறார், நயினார் நிற்கிறார், போட்டோக்காரர் நிற்கிறார். ஸ்டாண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டி, கேரியரைப் பிடித்தேன். வண்டி கிளம்பியது. நானும் கூடவே ஓடினேன்.

டெய்லர் கத்தினார்: "மில்லு, நீ ஏன்யா ஓடுற?"

"டாக்டரு ஓடச் சொன்னாரு!"

"அதுக்குக் கேரியர ஏன் புடிச்சிக்கினு ஓடுற?"

"தனியா ஓடனா மூச்சு வாங்குது!"

டெய்லர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எதற்கும் சத்தமாகச் சிரிக்காத நயினார் கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் என் தொப்பையைத்தான் பார்த்தார்கள். வண்டியை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் படத்தைப் பிடித்தார்.

பாதிச் சுற்றில் கையை விட்டேன். கை நழுவியது என்று நினைக்க வேண்டாம், பார்த்துத்தான் விட்டேன். மிஷினோ மனுஷனோ, எப்போது கையை எடுக்க வேண்டும் என்று தெரிவதுதான் வேலை.

"வுட்டுடாத மில்லு!" என்றார்.

"வுடலண்ணா!" என்றேன். என் குரல் நாற்பது அடி பின்னாலிருந்து போனது. அவருக்கு விளங்கிவிட்டது. விழப் போகிறார் என்று நினைத்தேன். விழவில்லை. சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு சுற்று முடிந்தது. நிற்கவில்லை. அவர் ஆயுசில் ஓடுகிற வண்டியை நிறுத்தியதே இல்லை அல்லவா?

"பிரேக்கப் புடிண்ணா!"

"கட்ட தேஞ்சிடும்!"

இன்னும் இரண்டு சுற்று போனார். மூன்றாவது முடிவில் நான் பாய்ந்து கேரியரைப் பிடித்து, குதிகாலை ஊன்றி நிறுத்தினேன். ஆக, ஓட வைத்தவனும் நான், நிறுத்தினவனும் நான்.

இறங்கும்போது ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார் டெய்லர். "எறக்கத்துல பிரேக் கட்ட தேயும்" என்றார் ஸ்டாண்டு. பதினான்கு வளைவையும் தள்ளிக்கொண்டே இறங்கினோம்.

ஊருக்கு வந்த மறுநாள் சாயந்திரம் ஐந்து மணிக்கு அவர் பழையபடி ஸ்டாண்டு மேல். நானோ பல வருஷம் வரை கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடின தொப்பைக்காரன். என் மண்டபத்திலேயே பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா மில்லுக்காரரே, இன்னைக்கு ஓடலியா?" என்று கேட்பார்கள். வாயைத் திறக்கவில்லை. "நான் கீற வரைக்கும் சொல்லாத மில்லு" என்று அவர் கேட்டிருந்தார். அந்த வழியாகப் போகும்போது மட்டும் ஒரு நிமிஷம் கேரியரில் கை வைத்துவிட்டுப் போவேன். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். மிதி மட்டும் கொஞ்சம் வேகமாகும்.

அந்தப் படத்தைக் கடையில் மாட்டியிருந்தார். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டுகிறார். கேரியரின் மேல் ஒரு கை, முழங்கை வரை, வாட்ச்சோடு. மீதி நான் படத்துக்கு வெளியே.

இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டாண்டு போய்விட்டார். போன மாதம் அவர் மகன் விழுப்புரத்தில் கண்ணாடி வைத்துப் பெரிய டூ வீலர் ஷோரூம் திறந்தார். குத்துவிளக்கு ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டார். வாசலில் அந்தப் படம், ஆள் உயரத்துக்கு. கீழே 'எங்கள் நிறுவனர்'. கேரியர் வெறுமையாக இருந்தது.

"கை எங்கப்பா?"

"யாரோட கையோ குறுக்க இருந்துச்சு சித்தப்பா. கம்ப்யூட்டர்ல எடுத்துட்டோம்."

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும், அதனால் இங்கேயே சொல்கிறேன். அது யாரோட கையோ இல்லை, என் கை. 'ஓட்டுகிறவர் நிறுவனர், பிடித்திருப்பவர் மில்லு' என்று இரண்டு பேரையும் ஒரே அளவு எழுத்தில் போட வேண்டும். டெய்லர் படித்துவிட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும். விடாதே என்றுதான் உன் அப்பா என்னிடம் சொன்னார், எடுத்துவிடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கையை இருந்த இடத்தில் வை.