கணுக்கால் உத்தேசம்

கடகடவென்று கிளம்பும், துணியின் மூலை வந்ததும் கொஞ்சம் யோசிக்கும், மறுபடி ஓடும். அந்தத் தையல் மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருபது வருடம் என் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன்.

எங்கள் குடியிருப்பின் கீழே நகராட்சிக் கடைகள் எட்டு. ஐந்தாவது கடை தையல்காரம்மாவுடையது. எழுபத்தொரு வயது. காலால் மிதிக்கும் மெஷின். காலையில் மிதிக்க ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை மிதிப்பாள்.

இந்த நிலையில் 'மூத்தோர் உடலியக்க ஊக்குவிப்பு வாரியம்' உதயமாயிற்று. அறுபத்தைந்தைக் கடந்தோர் நாளொன்றுக்கு ஆறாயிரம் அடி நடந்தாக வேண்டும். தவறுவோர் ஓய்வு தேவைப்படுவோராகக் கருதப்படுவர். ஓய்வு தேவைப்படுவோர் நகராட்சிக் கடை நடத்தத் தகுதியற்றவர் என்று வாரியம் அன்புடன் அறிவித்தது. அடிகளை எண்ண ஆளுக்கொரு கைப்பட்டை வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கணக்கெடுக்க ஓர் அதிகாரியும் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அடியெண்ணி.

மற்ற கிழங்களான எங்களுக்குக் கடை இல்லை, மானம் இருந்தது. எங்கள் எண்ணிக்கையை மாடிப்படியோரம் பலகையில் எழுதிப் போட்டார்கள். "சௌக்கியமா?" என்று கேட்ட வாய்களெல்லாம் "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்கத் தொடங்கின.

முதல் வெள்ளியன்று தையல்காரம்மாவின் பட்டை இருநூற்றுப் பன்னிரண்டு என்றது.

"காலைலேர்ந்து என் கால் ஓடிக்கிட்டே இருக்கு. உங்க பட்டைக்குக் கண்ணு இல்லையா?"

"கால் ஓடுதும்மா. நீங்க நகரலையே?"

"நான் நகர்ந்தா துணியை யாரு தைக்கறது?"

"அது தையல் துறையோட பிரச்சினை."

"அப்ப பட்டையைக் கணுக்கால்ல கட்டிக்கட்டுமா?"

இங்கேதான் தவறினாள். கட்டிக்கொண்டிருக்கலாம், அனுமதி கேட்டுவிட்டாள். அடியெண்ணி நோட்டைத் திறந்து, 'கணுக்கால் உத்தேசம்' என்று எழுதிக்கொண்டார். திங்களன்று இரண்டு பேர் வந்து, பட்டையை அவள் மணிக்கட்டிலேயே ஈய முத்திரை வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் கவனிக்கப்படுவாள் என்று ஒரு தாளும் தந்தார்கள்.

அவளுக்குத் தோன்றிய யோசனையை எங்களுக்காவது பயன்படுத்தலாமே என்று மேல்மாடித் தலைமையாசிரியருக்குத் தோன்றியது. அவர் ஓய்வு பெற்றவர், மூட்டுவலிக்காரர்.

"ஏம்மா, என் பட்டையை உன் கால்ல கொஞ்சம் கட்டிக்கறியா? வாரியத்துல உனக்காக நான் பேசறேன்."

"பேசுவீங்களா சார்?"

"பேசாம? நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுவே குடுக்கறோம்."

ஒரே வாரத்தில் அவளுடைய இரண்டு கணுக்கால்களிலும் பதினான்கு பட்டைகள். நீலம் என்னுடையது. கறுப்பு, அறுபத்தாறு வயதாகியும் பணி நீட்டிப்பில் இருந்த அடியெண்ணியுடையது. வியாழன் மாலை கழற்றுவோம், வெள்ளி காலை கையில் கட்டிக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்குவோம்.

தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்தபடி பதினெட்டாயிரம் அடி நடந்தார். படுத்த படுக்கையாய் இருந்த என் மூத்த நாத்தனார் ஒருநாள் அவரையும் முந்தினாள். நாட்டிலேயே சுறுசுறுப்பான முதியோர் குடியிருப்பு என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். வாங்க மேடையேறியபோது பாதிப் பேரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள்.

மனுவை நான்தான் எழுதினேன். நல்ல நடை. எல்லாரும் படித்துப் பாராட்டினார்கள். 'மிதிப்பதும் நடையே' என்ற இடத்தில் தலைமையாசிரியர் நிறுத்தினார்.

"இதைப் படிச்சா, அவ காலை வந்து பார்ப்பாங்களே?"

ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. எழுதிய நானும் போடவில்லை.

மூன்றாம் மாதம் கடையை மூடும் உத்தரவு வந்தது. அடியெண்ணிதான் படித்துக் காட்டினார். கடைக்குப் பூட்டு மாட்டுமுன், அவள் குனிந்து பதினான்கு பட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, யாருடையது எதுவென்று தப்பாமல் எடுத்துக் கொடுத்தாள்.

"மனு என்னாச்சும்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"போயிருக்கு" என்றேன்.

அடுத்த வெள்ளி எங்கள் எல்லாருடைய எண்ணிக்கையும் ஒரே நாளில் விழுந்தது. புதிய தொற்றோ என்று ஆராய வாரியம் ஒரு குழு அமைத்தது.

தையல்காரம்மா மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே மெஷின் வைக்க இடமில்லை. பதினோரு மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பிறகு இறந்துபோனாள். முத்திரையை உடைக்க அதிகாரமுள்ளவர் விடுப்பில் இருந்ததால், பட்டையோடுதான் எடுத்தார்கள்.