கோவேறு கழுதைகளுக்கு இடம் தராதே

டன்லோ, இண்டியானா
மார்ச் 5, புதன்கிழமை

அன்புள்ள தங்கை மகன் வெண்டெலுக்கு,

உன் மாமா எர்வின் க்ரெய்டர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை லோர்னாவும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கே நீயும் உன் வீட்டாரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய பழக் கேக்கைப் பற்றி அத்தை தனியாக எழுதுவாள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பருவ இறுதிப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் நீயும் ஒருவன் என்பது இந்த ஊரில் தெரியாத ஆள் இல்லை. பதினாறு இடத்தில் பதினைந்து முடிந்துவிட்டது, கடைசி இடத்தை ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்யப்போகிறீர்கள், அதில் நம் டன்லோ கல்லூரியின் பெயரும் அடிபடுகிறது என்பதும் தெரியும். ஒரு மாதமாக என்னால் முடிதிருத்தக்கூட நிம்மதியாகப் போக முடியவில்லை. "உங்க மருமகனுக்கு ஒரு வரி எழுதுங்களேன்" என்று கத்தரியைக் காதருகே பிடித்துக்கொண்டு கேட்கிறான் முடிதிருத்துகிறவன். போதகர் ஆசீர்வாதம் சொல்லிவிட்டு என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அதையே கேட்கிறார். மேக்ஸீன் தன் கடையில் எனக்கு வைக்கும் பன்றி இறைச்சி ரொட்டி நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வருகிறது, தட்டைத் தாண்டித் தொங்குகிறது. உறவைச் சொல்லி ஒருவரிடம் சலுகை கேட்பவன் நான் இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தை மாமா எழுதியதாக எடுத்துக்கொள்ளாதே. முப்பத்தொரு வருடமாக ஓர் ஆட்டம் விடாமல் பார்த்து, கையால் குறிப்பேடு எழுதிவரும் ஒருவன் எழுதியதாக எடுத்துக்கொள். டன்லோ கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு, நம் 'கோவேறு கழுதைகளுக்கு', அந்த இடத்தைக் கொடுக்க வேண்டாம். அதற்கு அவர்கள் தகுதியானவர்கள் இல்லை.

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷம் இருக்கும் என்று நினைக்காதே. களைப்புதான் இருக்கிறது. இந்தப் பருவம் எப்படிப் போனது என்று செய்தித்தாளில் எண்களைத்தான் நீ பார்த்திருப்பாய், நின்று பார்த்திருக்க மாட்டாய். உனக்குத்தான் தெரியுமே, நம் அணி முதல் கூடை போடும்வரை டன்லோக்காரர்கள் யாரும் உட்காரக் கூடாது. என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். நல்ல அணிகள் இருந்த நாளில் அது ஒரு நிமிட வேலை. எழுந்து, கைதட்டி, உட்கார்ந்துவிடலாம். இந்த வருடம் முதல் ஆட்டத்தில் ஐந்து நிமிடம் நின்றோம். அன்று அணியின் பெயருக்கு ஏற்ப ஒரு நிஜக் கோவேறு கழுதையை மாலை போட்டு அரங்குக்குள் கொண்டுவந்திருந்தார்கள். நான்காவது நிமிடம் அது முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நின்றே பழகிய பிராணி அது! இரண்டாவது ஆட்டம் ஒஹாயோவில். அங்கே எங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர்கள் எங்கள் தலைக்கு மேல் சோளப்பொரியை எறிந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ப்ரூபேக்கர் தானே தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார், மக்கள் போட்ட சத்தத்தில் திரும்ப எழுந்தார். இப்படி முதல் ஒன்பது ஆட்டமும் தோல்வி.

அதற்குப் பிறகு பதினான்கு ஆட்டம் ஜெயித்தார்களே என்பாய். எப்படி ஜெயித்தார்கள் என்று என் குறிப்பேட்டைக் கேள். ஓர் அணி காய்ச்சலோடு ஆறே பேராக வந்தது, அதில் ஒருவன் பாதியில் வாளியைத் தேடி ஓடினான். ஓர் அணியின் காலணிகளெல்லாம் வேறொரு வண்டியில் ஏறிப் பனியில் மாட்டிக்கொண்டன. அவர்கள் நம் மாணவர்களிடம் கடன் வாங்கிய காலணியில் ஆடினார்கள், அப்படியும் நாம் மூன்றே புள்ளியில்தான் ஜெயித்தோம். இன்னொரு ஆட்டத்தில் எதிரணியின் உயரமான பையனுக்கு அன்று காலையில் கல்யாணம். அவன் வரவில்லை, மற்றவர்கள் விருந்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். இதையெல்லாம் நான் வெற்றியாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பந்தைக் கூடையில் போட்டவன் நம் பையன். ஆனால் பிப்ரவரி எட்டாம் தேதி நடந்ததை என்னால் அப்படி எழுத முடியாது.

அன்று பார்க்ஃபீல்டோடு ஆட்டம். ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி நின்றாகிவிட்டது. லமார் டிப்ஸ் பந்தை எறிந்தான். லமார் நம் அணியின் நெட்டையன், கடைசி வருடம், நல்ல பையன், ஆனால் அவன் எறிந்தால் பந்து வளையத்தை விசாரித்துவிட்டு வெளியே போய்விடும். அன்றும் வளையத்தில் பட்டு மேலே எழும்பியது. அவனும் பார்க்ஃபீல்டு பையன் ஒருவனும் ஒன்றாகக் குதித்தார்கள். இரண்டு கைகளுக்கு நடுவிலிருந்து பந்து கூடைக்குள் விழுந்தது. விழுந்ததும் அந்தப் பார்க்ஃபீல்டு பையன் தன் தலையில் அடித்துக்கொண்டதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவன் கை தட்டித்தான் விழுந்தது. யார் கை பட்டாலும் அந்தக் கூடையில் விழுந்தால் புள்ளி நமக்கு என்பது விதி; நடுவர் இரண்டு விரலைக் காட்டிவிட்டு ஓடிவிட்டார். புள்ளி சரி. ஆனால் அது நாம் போட்ட கூடையா? அரங்கில் பாதிப் பேர் 'அப்பாடா' என்று உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் நின்றோம். கல்லூரித் தலைவரின் மனைவி பாதி உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, அப்படியே இருந்தார்.

லோர்னா உட்கார்ந்துவிட்டாள். என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. பலகையில ரெண்டுன்னு எரியுது, கண்ணு தெரியலையா?"

"எரிஞ்சா எரியட்டும். அது அந்தப் பையன் போட்டது. நம்ம பசங்க இன்னும் போடல."

"டாக்டர் என்ன சொன்னார்? அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாதுன்னார்."

"அதை எங்கிட்ட சொல்லாத, ப்ரூபேக்கர்கிட்ட சொல்லு."

பின்னாலிருந்து மேக்ஸீன். என்னோடு ஒன்றாம் வகுப்பு படித்தவள், அவளுக்கு என்னிடம் மரியாதை எப்போதும் கிடையாது. "ஏம்ப்பா எர்வின், உன் முதுகைப் பாக்கவா நான் டிக்கெட் வாங்கினேன்? அதை நான் ஒண்ணாங் கிளாஸ்லயே பாத்தாச்சு."

மெதுவாக என்னோடு நின்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். போதகர் ஒன்பதாவது நிமிடத்தில் உட்கார்ந்தார், அதைக் குறித்து வைத்திருக்கிறேன். நான் மட்டும் நின்றேன். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை ஆட்டத்துக்குள் எறிய எங்கள் பக்கம் வந்த லமார் என்னைப் பார்த்துவிட்டான்.

"க்ரெய்டர் சார், உக்காருங்க சார். பாக்கவே பயமா இருக்கு."

"நீ ஒண்ணு போடு, உக்காந்துடறேன்."

"போடத்தானே சார் பாக்கறேன், போக மாட்டேங்குதே!"

பதினொன்றாவது நிமிடம் நாற்பதாவது விநாடியில் போட்டான். நான் உட்காரப் போனேன், முழங்கால் வரவில்லை. இரண்டு பேர் என்னை மடக்கி உட்கார வைத்தார்கள். ஆட்டம் 58–57, நாம் ஜெயித்ததாகப் பலகை சொன்னது. என் குறிப்பேட்டில் 56–57, தோல்வி. நான் தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் எடை போட்டவன். அடுத்தவன் வண்டியிலிருந்து சிந்திய சோளத்தை ஒரு நாளும் நம் வண்டி எடையில் சேர்த்ததில்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் எடையை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது. உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம், நின்றவர்கள் ஒரு பக்கம். நின்றவர்களிலும் நடுவில் உட்கார்ந்தவர்கள் தனி. கடைசியில் பார்த்தால் என் பக்கத்தில் நான் ஒருவன்தான். தேவாலயத்தில் எங்கள் வரிசை மட்டும் காலியாக இருக்கிறது, கால் நீட்ட வசதி என்கிறாள் லோர்னா. லமாரையே நேரில் கேட்டேன், "உன் கை பட்டதா, அவன் கை பட்டதா?" என்று. "தெரியாது சார். நான் குதிக்கறப்ப கண்ணை மூடிடுவேன்" என்கிறான். நாலு வருடமாக நம் அணியின் நம்பிக்கை இவன்தான்!

இப்போது உனக்குக் கணக்கு புரிந்திருக்கும். பாதி ஆட்டமாவது ஜெயித்தால்தான் பெயரையே எடுத்துக்கொள்வோம் என்பது உங்கள் குழுவின் விதி. உங்கள் தாளில் டன்லோ இருபத்தெட்டு ஆட்டத்தில் பதினான்கு வெற்றி. என் குறிப்பேட்டில் பதிமூன்று. அந்த ஒன்றில்தான் எல்லாம் நிற்கிறது. நீ நேர்மையானவனாக இருந்தால், உன் அம்மா அப்படித்தான் வளர்த்தாள், எந்த எண் சரி என்று யோசி.

ஊரில் வேறொன்றும் பேசுகிறார்கள். உனக்கும் காதில் விழும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் முழங்காலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபோர்ட் வெய்னில் ஆபரேஷன். நவம்பரிலேயே குறித்த தேதி. இந்த முப்பத்தொரு வருடத்தில் மார்ச் இரண்டாவது வாரத்தில் டன்லோவில் எதுவும் நடந்ததில்லை என்பதால்தான் அந்தத் தேதியை எடுத்தோம். உங்கள் போட்டியின் முதல் ஆட்டமும் அதே செவ்வாய். 'ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போய்விடுமே என்றுதான் கிழவன் அணியைப் போக விடாமல் தடுக்கிறான்' என்று மேக்ஸீன் கடையில் சொல்கிறார்களாம். இது பொய். போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். உங்கள் முதல் இடத்து அணியோடு மோதவிடுவீர்கள். மூன்று பேருந்து நிறைய நம் ஜனங்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். வந்து நிற்பார்கள். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம், ஊரே பார்க்க, தெரியாத அரங்கில் நிற்பார்கள். நாற்பது புள்ளியில் தோற்றுவிட்டு இரவெல்லாம் பேருந்தில் பேசாமல் வருவார்கள். ஓர் ஊர் எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும், வெண்டெல்? எங்களை வீட்டிலேயே உட்கார விடு.

குறிப்பேட்டின் பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அதை மற்ற ஆறு பேருக்கும் காட்டு. காட்டாவிட்டால் நான் அவர்களுக்குத் தனித்தனியாக எழுதுவேன்.

உன் குழந்தைகள் நன்றாகப் படித்து, நல்ல முழங்காலோடு நூறு வயது இருக்க வேண்டும் என்று நானும் அத்தையும் வேண்டிக்கொள்கிறோம். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அவளுடைய பேரீச்சம்பழப் புட்டிங்கைப் போல இங்கே யாரும் செய்வதில்லை என்றும் சொல், ஆனால் லோர்னா பக்கத்தில் இல்லாதபோது சொல்.

என்றும் மாறாத,
மாமா எர்வின்

பின்குறிப்பு: வியாழன் காலை. உறையை ஒட்டப்போகும்போது லமார் வந்து கதவைத் தட்டினான். வாசல் பனியை யாரும் சொல்லாமலே வாரிவிட்டுத்தான் தட்டியிருக்கிறான். "நீங்க எழுதறதைத் தடுக்க வரல சார். எழுதுங்க. ஊரே எங்கிட்ட கேக்குது, எனக்கே அது தெரியாம இருக்கறது ஒரு மாதிரியா இருக்கு. நீங்கதான் சரியா எடை போடுவீங்கன்னு சொல்றாங்க" என்று கைப்பேசியை நீட்டினான். அன்றைய ஆட்டத்தைக் கூரைப் பக்கமிருந்து யாரோ எடுத்த வீடியோ. பந்து ஒரு நாவல்பழம் அளவுக்குத் தெரிகிறது. நானும் அவனும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஆறு தடவை பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. அவன் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, "பரவாயில்ல சார்" என்றான். அவன் கதவருகே காலணி மாட்டும்போது ஏழாவது தடவை நான் தனியாகப் பார்த்தேன். லமாரின் நடுவிரல், நகம் மட்டும், பார்க்ஃபீல்டு பையனின் கைக்குப் பிறகு பந்தின் அடியில் பட்டது. சந்தேகமே இல்லை. லோர்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது வளையத்தோட நிழலுங்க" என்கிறாள். கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருடம், குறிப்பேட்டுக்கு முன்பிருந்தே என்னோடு ஆட்டத்துக்கு வருகிறாள், ஒரு நாளும் அவளுக்குப் பந்து தெரிந்ததில்லை.

ஆகவே அது நம் கூடை. பதினான்கு வெற்றி. பதினொன்றரை நிமிடம் நான் நின்றதில் பாதி தவறு. அதை மேக்ஸீனிடம் சொல்ல வேண்டாம். குறிப்பேட்டில் முதன்முறையாக மையால் ஓர் அடித்தல் விழுந்திருக்கிறது. புதிய நகல் இதோடு இருக்கிறது, பழையதைக் கிழித்துவிடு. மேலே எழுதியதையும் கிழித்துவிடு. அவர்களுக்கு அந்த இடம் உரியது. கொடுக்காவிட்டால் மற்ற ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதுவேன்.

ஆபரேஷனை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டேன். லோர்னா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, ஆனால் மஞ்சள் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமைக்கு எங்களுக்கு இரண்டு இருக்கை எடுத்து வை. முன்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி உள்ள வரிசையாகப் பார். இருக்கை என்பது சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.