முப்பது நாள் நடைக்கு முப்பது பூஜ்யம்

நெய்வேலி நகரியம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் கண்ணையன் அவர்களுக்கு,

பரமசிவத்தின் வணக்கம். நானும் உங்கள் தங்கை அமிர்தமும் சுகம். குறிஞ்சிப்பாடியில் அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே?

நேற்று போனில், "என் தங்கச்சிக்கு முட்டை போட்டு அழ வச்சீங்களாமே!" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அமிர்தத்தை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாரல்லவா, எத்தனை தூரம் நடக்கிறாள் என்று பார்க்க நம்ம பொண்ணு ஹரிணி கையில் கட்டும் பட்டை ஒன்றை வாங்கி அனுப்பி, அந்தக் கணக்கை ஏற்றிப் படம் போட என் லேப்டாப்பில் அவள் ஆபீசில் உபயோகிக்கும் மென்பொருளையும் போட்டுக் கொடுத்தாள். நானும் தினமும் ஏற்றினேன். 0.3127 கிலோமீட்டர், 0.4086 கிலோமீட்டர் என்று வால் வாலாக நீண்டது. சுரங்க ஆபீசில் ஆயிரக்கணக்கான டன்னை முழுசாக்கி எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று அந்த மென்பொருள் கேட்டது. ஒன்றும் வேண்டாம் என்றேன். அரைக்குக் கீழே இருப்பதையெல்லாம் அது பூஜ்யமாக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை மச்சான். பார்க்காமலே கலரில் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

அதில் வரிசையாக முப்பது பூஜ்யங்களை அமிர்தம் பார்த்தாள். "முப்பது நாளா வலியத் தாங்கிக்கினு நடந்தேன். ஒண்ணுமே இல்லன்னு எழுதி ஒட்டிட்டீங்களே" என்றாள். மறுநாள் நடக்க வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஹரிணிக்குப் போன் போட்டேன். "ரவுண்ட் பண்றது கண்ணுக்குக் காட்ட மட்டும்தாம்ப்பா! அசல் நம்பர் மேலயே சேவ் பண்ணிட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பட்டையிலும் பழைய கணக்கு இல்லை. நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அமிர்தம் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எந்தெந்த நாளு எங்க திரும்புனேன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. டேப்ப எடுத்துக்கினு வாங்க" என்றாள். முதல் நாள் மருதமுத்து குவார்ட்டர்ஸ் கேட், ஒன்பதாம் நாள் தண்ணீர்க் குழாய், பதினெட்டாம் நாள் வேப்பமரம் என்று அவள் கைகாட்ட, நான் குனிந்து குனிந்து அளந்தேன். பிளாக்கே வேடிக்கை பார்த்தது. பாதி வழியில் என் முதுகு பிடித்துக்கொண்டது. மீதிக்கு அவள்தான் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். அன்று மட்டும் அவள் நடந்தது பட்டையில் 0.6124 கிலோமீட்டர். அளந்த முப்பதையும் மறுபடி ஏற்றி ஹரிணிக்கு அனுப்பினேன்; ஒரு இலக்கத்தையும் நான் தொடவில்லை.

உங்கள் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
பரமசிவம்

பி.கு.: கடிதத்தைப் படித்துப் பார்த்த அமிர்தம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "எங்க திரும்புனேன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? உங்க மூஞ்சி தொங்கிப் போச்சேன்னு வாய்க்கு வந்த எடத்தையெல்லாம் சொன்னேன்" என்கிறாள். ஆகவே முப்பது அளவும் பொய். தயவுசெய்து ஹரிணியிடம் சொல்லிவிடாதீர்கள். "இப்பதாம்ப்பா கரெக்டா இருக்கு" என்று அவள் பாராட்டிவிட்டாள்.