பழனிக்குப் போன சிவப்புக் கார்

"கோயில்ல கூட்டம் எப்படிங்க? சாமி கும்பிட்டாச்சுங்களா?"

போனில் சித்ராதேவி கேட்டபோது அவள் கணவன் அருள்செல்வன் பழனியிலேயே இல்லை. வால்பாறை மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவை அப்போதுதான் திருப்பி முடித்திருந்தான். முன்னால் நண்பன் மாதவனின் மஞ்சள் கார், பின்னால் இன்னொரு நண்பன் தரணீதரனின் நீலக் கார், நடுவில் அவனுடைய புத்தம்புதுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கீழே ஆழியாறு அணை பளபளத்தது. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கார் வந்த வாரம் முழுக்க ஷிப்மென்ட் அவசரத்தில் பனியன் கம்பெனியே கதியென்று கிடந்தான். வண்டி வீட்டில் சும்மா நின்றது. புது வண்டி முதலில் பழனிக்குத்தான் போக வேண்டும் என்பது சித்ராதேவியின் கண்டிப்பான உத்தரவு. பூஜை போடாமல் ஊர் சுற்றியது தெரிந்தால் சாவி அவள் பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் வெளியே வராது.

"அருமையான தரிசனம், சித்ரா!"

"அப்படீங்களா? கோயில் முன்னால காரை வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க."

நல்லவேளை, அடுத்த வளைவில் ஒரு குட்டி முருகன் கோயில். பானெட்டில் சந்தனம் அப்பி, படமெடுத்து அனுப்பினான். உடனே போன் வந்தது.

"பழனியில ஏதுங்க இத்தனை பனி?"

"பனியில்ல கண்ணு, சாம்பிராணிப் புகை."

"சரிங்க, பஞ்சாமிர்தம் வாங்கினீங்களா? வீடியோ கால்ல வாரேன், காட்டுங்க."

"போச்சு மாப்ள, சாவி போச்சு!" என்று அருள்செல்வன் அலறினான்.

"எதுக்குடா பயப்படறே? பெசஞ்சிட்டாப் போகுது" என்றான் மாதவன்.

பக்கத்து டீக்கடையில் வாழைப்பழமும் தேனும் கிடைத்தன. பனியன் ஏற்றுமதிக்குப் பேர்போன மூன்று முதலாளிகளும் முழங்கை வரை பிசைந்தார்கள். அதற்குள் வீடியோ கால் வந்துவிட்டது.

"பாத்தியா சித்ரா, சுடச்சுட பஞ்சாமிர்தம்!"

"பஞ்சாமிர்தம் எந்த ஊர்லீங்க சுடும்?" அவள் குரல் ஏறியது. "நெசத்தைச் சொல்லுங்க. பூசை போடாத வண்டியை எங்க கொண்டு போனீங்க?"

அருள்செல்வன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, டீ கொண்டுவந்த கடைக்கார அம்மாள் போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அட, நீங்களா கண்ணு! செவ்வாக்கெழமை கூட்டாளிகளோட இதே செவப்புக் காரை ஓட்டிட்டு வந்தீங்களே! 'ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வம்பு'ன்னீங்களே, அது இவருதானுங்களா?"